ஒவ்வாமை: இல்லை

'உணவு ஒவ்வாமை ஏதேனும் உண்டா?'

ரயில் டிக்கெட் மாதிரி அச்சடித்த அட்டையில் அது மூன்றாவது கேள்வி.

அவன் யோசிக்கவே இல்லை. 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டு நீட்டிவிட்டான். ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பி வைத்த பெண் அதில் ஓட்டை போட்டாள். இடுப்பு வரை குனிந்து வணங்கி, இரண்டாம் பிளாட்பாரத்தில் உட்காரச் சொன்னாள்.

அவிநாசி ரோட்டில் புதிதாகத் திறந்த ஜப்பான் ஓட்டல். உள்ளே ரயில் நிலையம் போலவே கட்டியிருந்தார்கள். சமையலறையிலிருந்து மேசை மேசையாகத் தண்டவாளம். வெள்ளை நிற புல்லட் ரயில் ஒன்று கிண்ணங்களைச் சுமந்துகொண்டு வந்து நிற்கும்.

மகிழினிக்கு எட்டு வயது. இங்கேதான் வரவேண்டும் என்று போன மாதமே சொல்லி வைத்திருந்தாள். இரண்டாம் சனிக்கிழமை, பதினொரு மணியிலிருந்து ஐந்து மணி வரை மகள் அவனோடு. கோர்ட் அளந்து கொடுத்தது அவ்வளவுதான்.

சூப்பில் மிதக்கும் நூடுல்ஸ் வந்தது. கைதட்டி எடுத்துக்கொண்டாள். குச்சி சரிப்படவில்லை. கிண்ணத்தையே தூக்கிக் குடித்தாள்.

பாதிக் கிண்ணம் காலியான பிறகுதான் அவன் மூக்கில் அந்த வாசனை ஏறியது.

தொப்பிக்காரப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டான்.

"எறாத் தலைய வறுத்துக் காய்ச்சுறதுங்க சார். அதுலதான் டேஸ்ட்டே."

இறால்.



ஓர் ஆட்டோ. மழை. மடியில் ஒரு தலை. உதடு வீங்கி, கண் இடுங்கி, மூச்சு விசிலடித்துக்கொண்டிருந்தது. ஒரு கை அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தது. ஆஸ்பத்திரிப் படியில் தூக்கிக்கொண்டு ஓடினான். இறால் ஆகாத உடம்பு, இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் உயிர் தங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னார்.

மகிழினிக்கு அப்போது என்ன வயது? இரண்டா, மூன்றா?

பயம் மட்டும் அப்படியே இருந்தது. மற்றதெல்லாம் கலங்கிக் கிடந்தது.

அவளிடமே நேராகக் கேட்க முடியாது. கேட்டால் சாயங்காலம் அம்மாவுக்குப் போகும் முதல் செய்தி அதுதான். சுற்றி வளைத்துக் கேட்டான்.

"வீட்ல எறா எல்லாம் செய்வாங்களா, கண்ணு?"

"அம்மா அத வாசலுக்குள்ளயே விடமாட்டாங்கப்பா."

போச்சு.

நல்ல அப்பன். ஒரு டிக் போடுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

மே மாத விடுமுறை முழுக்க மகளைத் தன்னோடு வைத்துக்கொள்ள அவன் போட்ட மனு வியாழக்கிழமை விசாரணைக்கு வருகிறது. மகிழினியின் அம்மா சுபாஷினி தன் பதில் மனுவில் எழுதியிருந்தாள். 'குழந்தைக்கு எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்பதே தந்தைக்குத் தெரியாது.' வக்கீல் அதை வாசித்தபோது, எனக்கா தெரியாது என்று மேசையைத் தட்டிவிட்டு வந்தவன் அவன்.

இப்போது அவளுக்கு போன் செய்வதும், ஆமாம் எனக்குத் தெரியாது என்று கோர்ட்டில் கையெழுத்துப் போடுவதும் ஒன்றுதான்.

மே மாதம் போய்விடும். இரண்டாம் சனிக்கிழமையும் போனாலும் போகும்.

பேசாமல் இருந்து பார்க்கலாம். ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம்.

மகிழினி கழுத்தைச் சொறிந்தாள்.

அவன் உதட்டைப் பார்த்தான். வீங்கியிருக்கிறதா? உறைப்பில் சிவந்ததா? அவள் மறுபடியும் சொறிந்தாள்.

போனில் சுபாஷினியின் எண்ணைத் தொட்டுவிட்டான்.

மணி நான்கு முறை அடித்தது. "சொல்லுங்க" என்றாள்.

"சுபா, தப்புப் பண்ணிட்டேன். மகி எறா சூப்பைக் குடிச்சுட்டா. பாதிக் கிண்ணம். கழுத்தைச் சொறியுறா. எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகட்டும்?"

அந்தப் பக்கம் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

"அவளுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. எங்க அண்ணன் வீட்டுக்குப் போனா எறாவத்தான் கேட்டு வாங்கித் திம்பா. நீங்க எடுத்துக் குடுத்த கவுன்தானே போட்டிருக்கா? பின்னாடி லேபிள் குத்தும். வெட்டி விடுங்க."

அவன் எட்டிப் பார்த்தான். கழுத்துக்குப் பின்னால் விறைத்த துணித் துண்டு. அதைச் சுற்றித் தோல் சிவந்திருந்தது. உதடு உதடாகத்தான் இருந்தது. கிண்ணத்தில் மிச்சமிருந்த கீரையை ஒதுக்கிவிட்டு, அடுத்த ரயில் எப்போது என்று அவள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இல்ல சுபா, அன்னிக்கு ஆட்டோல…"



"மகி அப்ப பொறக்கவே இல்ல," என்றாள். "அது நான்."

ஆட்டோ மறுபடியும் வந்தது. மழை வந்தது. இந்த முறை முகமும் வந்தது. அந்தக் காதருகே குனிந்து, நீ இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன் என்று ஆஸ்பத்திரி வரை அவன் சொல்லிக்கொண்டே போனதும் வந்தது.

அவமானத்தில் காது சுட்டது.

அவளுக்கு அது மறந்திருக்காது.

போனை அவள் இன்னும் வைக்கவில்லை.