நேர்கோடு

சகாயத்தின் கொட்டகைக்கு வாரந்தோறும் ஆபீஸ் ஜீப் போவதைப் பார்த்துக் கபிரியேலுக்கு வயிறு எரிந்தது.

மாட்டுப்பட்டி ஊரில் ஆளுக்கொரு மேட்டில் நில அதிர்வைப் பதியும் மிஷினை வைத்து, இருவரையும் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். ஒருவரை ஐதராபாத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பப் போவதாகவும் பேச்சு. சகாயத்தின் மிஷின் தாளில் மலைமலையாகக் கிறுக்கியது. கபிரியேலுடையது போட்டதெல்லாம் வெறும் நேர்கோடு.

ஒருநாள் விடியற்காலையில் சகாயத்தின் மேட்டுக்குப் போய் எட்டிப் பார்த்தான். கொட்டகைக்குப் பின்னால் சகாயத்தின் மனைவி டீக்கடைக்குப் புட்டுமாவு இடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இடிக்கும் மிஷினில் முள் துள்ளியது.

"அடப்பாவி!" வீட்டுக்கு ஓடிவந்தான். "ஏட்டி கத்தரீனா, உரலை நம்ம கொட்டகைக்குப் பின்னால உருட்டு. தெனமும் விடியக்காலம் இடி."

"இடிக்க அரிசி ஏது?"

"வெறும் உரலை இடி!"

மறுவாரம் ஜீப் அவனிடமே வந்தது. தாள்களைப் புரட்டிய அதிகாரியின் முகம் வாடிவிட்டது.

"சகாயத்தோட மிஷின் ஏன் இப்படி ஆடுதுன்னு கண்டுபிடிக்கத்தான் வாராவாரம் அங்க அலைஞ்சேன். அசையாத நிலம் உன்னோடதுதான்னு பெரிய மிஷினை இங்க வெச்சு, உன்னையே ஐதராபாத்துக்கு அனுப்ப இருந்தோம். இப்ப இதுவும் ஆடுதே! ரெண்டையும் மூடிட வேண்டியதுதான்."

ஜீப் போனதும் கத்தரீனாள் உலக்கையோடு வந்தாள்.

"ஏங்க, நாளைக்கும் இடிக்கணுமா?"