ஒற்றை ஆப்பிள் மரம்

"ஒண்ணு ரெண்டு இல்லைங்க, நாலு கிளை. பூத்த கிளையாப் பார்த்து அறுத்துட்டுப் போயிருக்கா" என்றபடியே சைமா உள்ளே வந்தாள்.

அவள் கணவர் ஆர்வோ கஞ்சிக் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "காத்து அடிச்சிருக்கும்."

"காத்து ரம்பம் வச்சு அறுக்குமா?"

அவர் அடுத்த கரண்டி கஞ்சியை எடுத்தார். ஆர்வோ ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

சனிக்கிழமைக் குளியலுக்காக, சவுனா என்கிற நீராவிக் குளியலறையில் தீ மூட்டப் போனபோதுதான் சைமா அதைப் பார்த்தாள். சவுனாவுக்குப் பின்னால் நிற்கும் வெள்ளை ஆப்பிள் மரம், அவள் கல்யாணமாகி வந்த வருஷம் வைத்தது. ஜூன் மாதம், மரம் முழுக்கப் பூ. காட்டுப் பக்கம் நீண்டிருந்த நாலு கிளைகளை மட்டும் காணோம்.

"அந்த கரேலியாக்காரியைத் தவிர யாரு? நிலம்தான் போச்சு, இப்ப பூவும் போச்சு. நான் போய்க் கேட்டுட்டு வரேன்."

"விடு" என்றார் ஆர்வோ.

விடுகிற ஆளா சைமா?

போரில் எல்லை மாறி, கரேலியா எதிரி நாட்டோடு போய்விட்டது. அங்கே வீடு வாசலை விட்டுவிட்டு வந்தவர்களுக்குக் கொடுக்க, அரசாங்கம் ஆர்வோவின் நிலத்திலிருந்து ஆறு ஹெக்டேரை அளந்து எடுத்துக்கொண்டது. அன்றைக்கு ஆர்வோ சொன்னார், "அந்த வேலிக்கு அந்தப் பக்கம் என் கால் படாது." ஐந்து வருஷமாக சர்ச்சுக்குக்கூடச் சுற்று வழியில்தான் போகிறார். சைமாவும் சளைத்தவள் இல்லை. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் ஒரு வாய் காபி குடித்ததில்லை. அந்த ஊரில் அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது.

காட்டைத் தாண்டி வேலிக்குள் நுழைந்ததும் அவள் நடை கொஞ்சம் தடுமாறியது.

வெறும் அடிக்கட்டையும் கல்லுமாகக் கிடந்த இடம். அந்தக் கரேலியாக்காரி ஹில்யா கையாலேயே கல் பொறுக்கினாள். வீட்டுக்குக் கூரை போடும் முன்பே பெர்ரிச் செடி நட்டவள் என்று ஊரே சிரித்தது. இப்போது பார்த்தால் வரிசை வரிசையாகப் புதர்கள், ஒவ்வொன்றிலும் பச்சைப் பிஞ்சு. ஒத்துக்கொள்ளப் பிடிக்கவில்லை, ஆனாலும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

நடுவில் ஒரே ஒரு இளம் ஆப்பிள் மரம். ஊரை விட்டு வந்தபோது தன் வீட்டு மரத்தில் ஒடித்த விரல் நீளக் குச்சியை, ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்து ஹில்யா ஒட்டுப்போட்டு வளர்த்தது.

அந்த மரத்தில் ஒரு தகர வாளி தொங்கியது. வாளித் தண்ணீரில் நாலு பூங்கிளைகள். சுற்றிலும் தேனீக்கள்.

கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள் என்று சைமா வாயைத் திறப்பதற்குள், ஹில்யா கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள்.

"வாங்கக்கா. நானே வந்து கும்பிடணும்னு இருந்தேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றதுன்னு தெரியலை."

"எதுக்கு?"

கரேலியாக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டால் ஒன்பது வரும்.

"போன வருஷம்தான்க்கா இது முதல்ல பூத்துச்சு. ஒரு பிஞ்சுகூட நிக்கலை. எங்க ஊர்ல தோட்டம் பூரா மரம், அதனால எனக்குத் தெரியலை. தனியா நிக்கிற மரம் காய்க்காதாமே. பக்கத்துல வேற ஜாதி ஆப்பிள் பூக்கணுமாம், தேனீ அதுலேருந்து இதுக்கு வரணுமாம். இந்த வருஷமும் காய்க்கலைன்னா வெட்டிட்டு உருளைக்கிழங்கு போடுறேன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டாரு. எங்க பழைய வீட்டுலேருந்து மிஞ்சினது இது ஒண்ணுதான். பால் கேன் வைக்கிற மேடையில நின்னு பால் வண்டிக்காரர்கிட்ட சொல்லி அழுதுட்டேன்."

"கூட யாரு இருந்தா?"

"உங்க வீட்டுக்காரர் நின்னாரு. அவரு திரும்பிக்கூடப் பார்க்கலை. மறுநாள் எழுந்து பார்த்தா இந்த வாளி தொங்குது. தினம் நாங்க எழுந்திரிக்கிறதுக்குள்ள யாரோ வந்து தண்ணி மாத்திட்டுப் போறாங்க. நீங்கதானேக்கா?"

சைமா வாளியை உற்றுப் பார்த்தாள். கன்றுக்குட்டி உதைத்து நெளிந்த விளிம்பு. கயிற்றில் ஆர்வோ போடும் இரட்டை முடிச்சு. நாலு நாளாக அவர் கன்றுக்கு மரத்தொட்டியில் பால் வைத்தது ஏன் என்று இப்போதுதான் புரிந்தது.

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் வீணாய்ப் போயிற்று. வெட்கமாக இருந்தது. அந்த மனுஷனை நினைத்தால் பெருமையாகவும் இருந்தது.

"காபி இருக்கா?" என்றாள் சைமா.

ஹில்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

மூன்று கோப்பை காபி குடித்துவிட்டு சைமா வீடு திரும்பியபோது, ஆர்வோ விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"ஏங்க, கன்னுக்குட்டிக்கு வேற வாளி வாங்கணும். பழசைக் காணோம்."

கோடரி அந்தரத்தில் நின்றது.

"காத்து அடிச்சுட்டுப் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு சைமா உள்ளே போனாள்.