துரை கொடுத்த மெடல்

“இது எங்க மெடல் இல்லீங்க, கிளாக்கர் ஐயா.”

ராசு அதைக் கழுத்து ரிப்பனோடு மேஜை மேல் வைத்தான். நடுவட்டம் பக்கத்து எஸ்டேட் ஆபீஸில் டைப் அடிக்கும் சத்தம் சட்டென்று நின்றது.

ஹெட் கிளார்க் கொர்னேலியஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நேத்து சுதந்திர தின விழாவுல மேனேஜரே மைக்ல படிச்சாருங்களே ராசு. ‘விசுவாசமான ஊழியத்துக்கு’ன்னு. மழையில நனைஞ்சுக்கிட்டே எல்லாரும் கை தட்டுனாங்க. உங்கப்பா அழுதுட்டாரு.”

“அழுதாருதான். ஆனா எங்களுது இதைவிடப் பெருசு. சின்ன வயசுலேர்ந்து தெனம் தொட்டுக் கும்பிட்டது. கைக்குத் தெரியாதுங்களா?”

கொர்னேலியஸ் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

ராசுவின் அப்பா அய்யாவு, சிலோனிலிருந்து குடும்பத்தோடு திருப்பி அனுப்பப்பட்டு இந்தத் தோட்டத்துக்கு வந்தவர். அவருடைய அப்பா வீரையா, அங்கே அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் மகளை ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போனபோது நீந்திப் போய்க் காப்பாற்றியவர். அதற்காகத் துரை தன் கையாலேயே கொடுத்த மெடல் அது.

கப்பலில் வரும்போது பாதிச் சாமான் காணாமல் போனது. மெடலை மட்டும் அய்யாவு வேட்டியில் முடிந்து கொண்டுவந்து சேர்த்தார். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், தன் வீட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, வெள்ளிக்கிழமைதோறும் சந்தனம், குங்குமம் வைத்தார். என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாத அளவுக்கு அது அப்பிப் போயிருந்தது. தெரிந்தாலும் லயத்தில் இங்கிலீஷ் படிக்க ஆள் இல்லை. ஆனாலும் யாருக்குள் சண்டை என்றாலும் ‘மெடல்காரர் ஊட்டுக்கு’த்தான் பஞ்சாயத்துக்குப் போவார்கள்.

புது மேனேஜர் இதைக் கேள்விப்பட்டு, விழாவில் பெரியவருக்கு மாலை போட்டு, மெடலில் உள்ளதை எல்லாருக்கும் படித்துக் காட்டுவதாகச் சொல்லிவிட்டார்.

அதைச் சுத்தம் செய்து ரிப்பன் போட்டுத்தர கொர்னேலியஸை விட்டால் ஆள் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்து மெடல் என்றால் அவருக்குப் பைத்தியம். குன்னூரில் எந்த பங்களா சாமான் ஏலத்துக்கு வந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். நம்பி அவரிடம் கொடுத்தார்கள்.

“பூனையைப் பாலுக்குக் காவல் வெச்ச கதைங்க,” என்று பியூன் நாச்சிமுத்து எல்லார் காதிலும் விழும்படி முணுமுணுத்தான்.

“எங்களுதைக் குடுத்துருங்க ஐயா,” என்றான் ராசு.

“அது தொலைஞ்சு போச்சுங்க ராசு. விழாவுக்கு ஆகணுமேன்னுதான் இதைக் குடுத்தேன்.”

“பெட்டி நெறைய மெடல் வச்சிருக்கீங்க. அதுல ஒண்ணுகூட இதுவரை தொலையல. எங்களுது மட்டும் ஒரே வாரத்துல தொலைஞ்சிருச்சா?”

யாரோ சிரித்தார்கள். கொர்னேலியஸின் காது சிவந்தது.

சத்தம் கேட்டு மேனேஜர் வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“கொர்னேலியஸ், ஆசைப்பட்டு எடுத்திருந்தா திருப்பிக் குடுத்துடுங்க. இத்தோட விட்டுடலாம். இல்லேன்னா நான் மேல எழுத வேண்டியிருக்கும்.”

“எழுதிக்குங்க சார்.”

அதற்குள் அய்யாவு வந்துவிட்டார். கண்ணில் புரை. சுவரைப் பிடித்துக்கொண்டே படி ஏறினார்.

“எழுத வேணாங்க தொரை. டேய் ராசு, விடுடா.”

பிறகு கொர்னேலியஸின் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

“உங்களுக்கு அது மேல ஆசைன்னா என்கிட்ட கேட்டிருக்கலாமேங்க. நானே குடுத்திருப்பேன்.”

கொர்னேலியஸ் எழுந்து நின்றார். “மன்னிச்சுக்குங்க பெரியவரே.”

அய்யாவு மேஜையைத் தடவி அந்த மெடலை எடுத்துக்கொண்டார்.

“இத்தன சனமும் எங்கப்பாவுக்குக் கை தட்டுனது இதைப் பார்த்துத்தான். இதுவே எங்ககிட்ட இருக்கட்டும்.”

கழுத்தில் போட்டுக்கொண்டு, மகன் தோளைப் பிடித்தபடி இறங்கிப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கொர்னேலியஸ் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி தபித்தாள் பிடித்துக்கொண்டாள். சர்ச் பள்ளிக்கூடத்து டீச்சர் அவள்.

“ஏனுங்க, ஏழைப்பட்டவங்க சொத்தை எடுத்து வெச்சுக்கிட்டு எப்படிங்க ஜெபம் பண்றீங்க? எனக்கு வெளிய தலை காட்ட முடியல.”

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“உங்க பெட்டியையும் பார்த்துட்டேன். பம்பாய் சேட்டு வந்து கேட்டும் தர மாட்டேன்னீங்களே, ராஜா தலை போட்டது, அதைக் காணோம். அதையா அந்தப் பெரியவருக்குக் குடுத்தீங்க?”

“ஆமா.”

“உசுரா வெச்சிருந்ததைக் குடுத்துட்டு, அப்படி என்ன பெரிய மெடலை அங்கிருந்து எடுத்துக்கிட்டீங்க?”

கொர்னேலியஸ் கோட்டுப் பையில் கைவிட்டு, காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார்.

“பார்த்துட்டுக் குடு. நாளைக்குப் பைக்காரா அணையில வீசிடறேன். செத்தாலும் யார்கிட்டயும் சொல்லிடாத.”

தேய்த்துக் கழுவியதில் எழுத்தெல்லாம் பளிச்சென்று இருந்தது. தபித்தாள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அந்த இங்கிலீஷைத் தமிழில் மெல்லச் சொன்னாள்.

“நாய்க் கண்காட்சி. முதல் பரிசு.”