பிடிபட்ட மசக்கை

"மசக்கை வந்துட்டா அப்படித்தான் கோமதி, லேசுல போகாது" என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா போனதும், மூன்று வயதுக் குயிலி வாசலுக்கு ஓடி எட்டிப் பார்த்தாள். "யாரும் வரலையேம்மா" என்றாள். காலையிலிருந்து குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் கோமதி தரையில் சுருண்டு கிடந்தாள். வெளியே போகலாம் வா என்று முந்தானையைப் பிடித்து இழுக்கும் மகளைக் கொஞ்ச நேரம் எங்காவது தொலைத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. "வந்துடுச்சுடி. வீட்டுக்குள்ளதான் எங்கயோ ஒளிஞ்சிருக்கு. தேடிப் பிடி, பாப்போம்." குயிலி கட்டிலுக்கடியில் தேடினாள், அப்பாவின் செருப்பைக் கவிழ்த்து உதறினாள், அடுப்படியில் எதையோ உருட்டினாள். பிறகு சத்தமே இல்லை. கோமதி பதறிக் கண்ணைத் திறந்தபோது மூக்குக்கு நேரே ஒரு மூடிய கை இருந்தது. அதில் நாலைந்து அரிசி ஒட்டியிருந்தது. "பிடிச்சிட்டேன்." "என்னடி செய்யுது?" குயிலி கையைக் காதில் வைத்துக் கேட்டாள். "அழுவுது. பசிக்குதாம். பிஸ்கட் வேணுமாம்." சிரித்தால் குமட்டுமே என்று கோமதி அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துக்கொண்டே எழுந்து டப்பாவை எடுத்தாள். குயிலி தனக்கொன்று தின்றாள். இன்னொன்றை மூடிய கையருகே கொண்டுபோய் யோசித்தாள். "தொறந்தா ஓடிப்போயிடும். அதுக்குப் பதிலா நீயே தின்னும்மா." கோமதி ஓரத்தைக் கடித்து, மெல்ல மென்று, விழுங்கினாள். இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தக் கையையே பார்த்திருந்தார்கள்.