அண்ணன் சட்டை மட்டும்

டிரையரின் பின்பக்க மூடியைக் கழற்றியதுமே மெக்கானிக்குக் கோளாறு தெரிந்துவிட்டது. ஹீட்டர் காயில் நடுவில் அறுந்து கிடந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தார். முள் அசையவில்லை.

"இதுல சூடு வர வழியே இல்லம்மா. டிரம் சும்மா சுத்தும், அவ்வளவுதான்."

"மத்ததெல்லாம் ஈரமாத்தான் வருது. அண்ணன் சட்டை மட்டும் எப்படிக் காஞ்சு, சூடா வருது?" என்றாள் அந்த வீட்டுப் பெண். அவளுடைய அண்ணன் வேலைக்குப் போன கப்பலைப் பற்றிப் பல மாதங்களாகத் தகவல் இல்லை. அவன் விட்டுப்போன நீலச் சட்டையை அம்மா வாராவாரம் துவைத்துப் போடுகிறாள்.

மெக்கானிக் சிரித்துக்கொண்டே அந்தச் சட்டையை நனைத்துப் பிழிந்து, ஈரத் துண்டுகளோடு போட்டு ஓட்டினார். மெஷின் நின்றதும் கதவைத் திறந்தார். துண்டுகள் சில்லென்று இருந்தன. சட்டை காய்ந்திருந்தது. கழுத்துப் பட்டியிலும் அக்குளிலும் கதகதப்பு. இடது மார்புப் பக்கம் இன்னும் கொஞ்சம் கூடுதல்.

"இது மெஷின் சூடு இல்லம்மா," என்றார் மெல்ல. "இப்பதான் யாரோ கழட்டிப் போட்ட மாதிரி இருக்கு."

அம்மா வந்து சட்டையை வாங்கி மடியில் விரித்தாள். மூவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் முதுகில் சின்னதாக ஈரம் தோன்றி, மெதுவாகப் பரவியது. மெக்கானிக் தன்னையறியாமல் எழுந்து நின்றார். அம்மா அதைத் தொட்டு முகர்ந்து பார்த்தாள்.

"வேர்வைடி. வெயில்ல நிக்காதடான்னா எப்பக் கேட்டான்?"

முந்தானையை எடுத்துச் சட்டைக்கு விசிறத் தொடங்கினாள்.