இருபத்து மூன்று நாள் மீசை

மூடிய கதவின் முன் நின்று மேலுதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

இருக்கிறது. இருபத்து மூன்று நாள் மீசை.

அப்பன் செத்தால்தான் மீசையை எடுப்பார்கள். அவனோ ஒன்பது வருடமாக, அப்பா குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதே எடுத்துக்கொண்டிருந்தான்.

வேறு வழியில்லை. ஊமைப் படங்களில் அவனுக்கு எப்போதும் அம்மா வேஷம். தன்னைவிடப் பத்து வயது மூத்த கதாநாயகர்களுக்கெல்லாம் அவன்தான் தாய்.

அதற்காக யாரிடமும் போய்ப் பாடம் கேட்கவில்லை. செத்துப்போன தன் அம்மாவையே அப்படியே செய்தான். அதே பெரிய பொட்டு. சிரிப்பு வந்தால் தலையில் போட்ட முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொள்ளும் அதே வெட்கம்.

"மீசை மொளைச்சப்புறம் இந்த வாசப்படி ஏறு."

அப்பா ரிட்டையரான போலீஸ் ஏட்டு. சொன்னால் சொன்னதுதான். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசும் படம் வந்தது.

மைக்கின் முன் நிறுத்தி, "மகனே" என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னான். கட்டைக் குரல். ஸ்டுடியோவே விழுந்து விழுந்து சிரித்தது. அத்தோடு வேலை போயிற்று.

வெளியே வந்தால் அழுகை வரும் என்று நினைத்தான். வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. அன்று காலை சவரம் செய்ததுதான் கடைசி.

கதவைத் தட்டினான்.

அப்பா திறந்தார். சட்டைப் பொத்தான் ஒன்றுகூடப் போடவில்லை; அம்மா இருந்தவரை அவள் முன் அப்படி நின்றதே இல்லை. தலை நன்றாக நரைத்திருந்தது. அவனை உற்றுப் பார்த்தார். ஒரு விரலை நீட்டி அவன் மேலுதட்டைத் தொட்டார்.

"குத்துதுடா."

வழிவிட்டு நின்றார்.

அவ்வளவுதான். ஒன்பது வருடப் பாரம் இறங்கிவிட்டது. உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தபோது அவனுக்குக் கைகால்கூட லேசாக இருந்தது.

அப்பா எதிரில் உட்கார்ந்தார். தன் மீசையை முறுக்கினார். விட்டார். மறுபடி முறுக்கினார். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்போ... இனிமே சினிமாக் கொட்டாயில போயி உங்கம்மாவைப் பாக்க முடியாதா?"



பதில் சொல்ல வாயைத் திறந்தான். அந்தக் கட்டைக் குரல் இங்கே வேண்டாம் என்று மூடிக்கொண்டான்.

தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டான். நுனியை இழுத்து வாயை மூடினான். மீசை மறைந்தது.

சிரித்தான். சத்தமில்லாமல்.

அப்பா அவசர அவசரமாகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.