கொஞ்சம் அவகாசம்

யாழ்ப்பாணத்து வரி அலுவலகத்தில் பல் வைத்தியர் பொன்மலர் கதிரையில் இருப்புக்கொள்ளாமல் தவிக்கிறாள். மேசையில் விழுந்திருக்கும் வெயிலில் அவளுடைய விரல்கள் கைப்பையின் பூட்டைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஆஸ்பத்திரியில் கிடக்கும் கணவரைப் பார்க்கவிடும் நேரம் நெருங்குகிறது. "என்ரை வருமான வரி விபரத்தை எப்பவும் என்ரை அவர், எட்வேர்ட்தான் அனுப்பிறவர், பிள்ளை. பாரிசவாதம் வந்து மனுசன் இப்ப கதைக்கிறாரில்லை. கொஞ்சம் அவகாசம் தாங்கோ." அலுவலர் விசைப்பலகையிலிருந்து கையை எடுக்கிறாள். "ஓம் டொக்டர், கேட்டுப் பாப்பம். எவ்வளவு காலம் வேணுமெண்டு போட?" மேலே மின்விசிறி கடகடக்கிறது. வெளியே ஒரு பஸ் விடாமல் ஹோர்ன் அடிக்கிறது. அவர் சுகமாகி வருமட்டும் என்று சொல்லத்தான் பொன்மலர் வாயெடுக்கிறாள். "நானே இதைச் செய்யப் பழகுமட்டும்" என்று வந்துவிடுகிறது.